மிதிக்காமல் ஓடும் வண்டி

வார்டு ஆபீஸ் அம்மா கேட்டாங்க,
தண்ணி முதல்ல எங்க வரும்னு.
மேசைமேல வேளச்சேரி படம்.
நீலம் அடிச்சிருந்தது,
கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம்.

எனக்குப் படம் படிக்க வராது.
பதினொரு வருசமா மூணு சக்கரம்,
நடைக்குப் பதினாறு கேன்,
கேனுக்கு இருபது லிட்டர். நீங்களே பெருக்கிக்குங்க.
அந்தப் பாரத்துல
தரை பொய் சொல்லாது.

மருந்துக்கடை முக்குலேர்ந்து
ஆறாவது குறுக்குத் தெரு வரைக்கும்
மிதிக்கவே வேணாம்.
கண்ணுக்குச் சமமாத்தான் தெரியும்,
வண்டி தானா ஓடும்.
அங்கதான் முதல்ல வரும், எழுதிக்குங்க.

மாவு மில் வாசல்ல
சீட்டை விட்டு எழுந்து நின்னு அழுத்தணும்,
கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும்.
காரையெல்லாம் அங்க ஏத்தச் சொல்லுங்க.

போன சித்திரையில
பழைய தாரைச் சுரண்டாம மேலயே ரோடு போட்டாங்களே,
அன்னிலேர்ந்து நாலாவது தெரு வீடுங்க
ஒரு சாண் கீழ.
உங்க படம் அதுக்கு முந்தினது.

அம்மா பேனாவை மூடல.
"வேற, தேசிங்கு?"

வேறன்னா,
லிஃப்ட் இல்லாத மஞ்சள் பில்டிங்,
மூணாவது மாடி சற்குணம் டீச்சர்.
பத்து நாளைக்கு ஒரு கேன், ஒண்டி ஆளு.
காது கேக்காது. கதவைத் தட்டி நிக்காதீங்க,
ஜன்னல்ல டார்ச் அடிங்க.

எதிர் வீட்டுல வாரம் ரெண்டு கேன் போகும்,
இப்ப அஞ்சு.
பச்சைக்குழந்தை வந்திருக்கு,
உங்க லிஸ்ட்ல இருக்காது.

டைல்ஸ் குடோன்ல ஒரிசா பசங்க எட்டுப் பேர்,
ஷட்டரை இழுத்துவிட்டுத்தான் தூங்குவாங்க.
முழங்கால் தண்ணி நின்னா
உள்ளேர்ந்து தூக்க வராது.

மூணாம் நாள் ராத்திரி வந்தது.
குடோன் ஷட்டருக்கு அடியில
சாயங்காலமே ரெண்டு செங்கல் சொருகியிருந்தோம்.
காலி கேன் பதினாறையும் மூடி இறுக்கி
ஒரு கதவுப் பலகைக்கு அடியில கட்டினோம்.
குழந்தை அதுமேல தூங்கிக்கிட்டே போச்சு.
டீச்சர் மட்டும்
புத்தகப் பை இல்லாம இறங்கமாட்டேன்னு
முக்கால் மணி நேரம்.

சுத்திலும் தண்ணி,
எல்லாரும் என்னைக் கேட்டது
குடிக்கத் தண்ணி.

ஒண்ணு மட்டும் அந்த அம்மா கேக்கல,
நானும் சொல்லல,
என் வீடு எங்கன்னு.

கடைசி நடை இறக்கிட்டுத் திரும்புறப்ப
கால் ரெண்டும் செத்துப்போயிருக்கும்.
பரவாயில்ல.
மருந்துக்கடை முக்கு தாண்டினா
மிதிக்கவே வேணாம்.