தடம் அழிப்பவள்

ஒவ்வொரு டேக்கும் முடிந்ததும் என்னைக் கூப்பிடுவார்கள்.
பனையோலைத் துடைப்பத்தோடு ஓடுவேன்.
நாற்பது கெரில்லாக்கள் ஓடிய மணலை
யாருமே ஓடாத மணலாக்க வேண்டும்,
வெளிச்சம் சாய்வதற்குள்.
நாளுக்கு முன்னூறு டாலர், மதியச் சோறு,
ஒரு நீலத் தொப்பி.

டைரக்டர் விண்ட்ஹுக் பையன்,
சுதந்திரத்துக்குப் பிறகு பிறந்தவன்.
"அவுனே அம்மா, இந்த வேலைக்கென்றே பிறந்தவர் நீங்கள்" என்றான்.
சிரித்தேன்.
இதே மணல். இதே மொபானி மரங்கள்.
அப்போது துடைப்பம் இல்லை, மாடுகள்தான்.
ராத்திரியில் பையன்கள் எங்கள் வீட்டில்
கம்பங்கூழ் குடித்துவிட்டுப் போனதும்
அவர்கள் போன வழியெல்லாம்
விடிவதற்குள் பதினோரு மாடுகளை ஓட்டுவேன்.
கூலி கிடையாது.

தளபதியாக நடிக்க எல்லைப் பக்கத்திலிருந்து ஓர் ஆள்.
துப்பாக்கி பிடிக்கிற விதத்தைப் பார்த்தே எடுத்துக்கொண்டார்களாம்.
ஹைம்போடி. நரைக்கு மை அடித்திருந்தார்கள்.

ஒன்பதாம் நாள், டீ நேரத்தில்
என் பக்கம் வந்து குந்தினான்.
முகத்தைப் பார்க்கவில்லை, காலடியைப் பார்த்தான்.
"இடது பெருவிரல் இன்னும் உள்ளேதான் மடங்குகிறது."

எந்தப் பக்கம் நின்று
துப்பாக்கி பழகினான் என்று அப்போது தெரிந்தது.
கேஸ்பிர் வண்டிகளுக்கு முன்னால்
மணலை வாசித்தபடி ஓடியவர்கள்
நம் பையன்கள்தான், நம் பாஷைதான்.

"குளம்புகளுக்கு அடியில் ஏழு பேரைப் பார்த்தேன்," என்றான்.
"ஐந்து என்று சொன்னேன்."

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து பேரை வண்டியின் பக்கவாட்டில் கட்டி
ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு போனார்கள்.
நான்காவது என் தம்பி ஷிவுதே.
மீதி இரண்டு பேர் எப்படித் தப்பினார்கள் என்று
முப்பது வருடம் யாருக்கும் தெரியாது.
ஒருவன் ஒண்டாங்வாவில் டயர் கடை வைத்திருக்கிறான்,
தேவன் தன்னை மறைத்தார் என்று
ஞாயிறுதோறும் சாட்சி சொல்கிறான்.

"ஏன் இரண்டு என்று சொல்லவில்லை?"
"இரண்டென்றால் நம்பியிருக்க மாட்டார்கள்."
சந்தையில் ஆட்டுக்கு விலை சொல்வது போலச் சொன்னான்.

மைக்கில் கூப்பிட்டார்கள்.
அவன் போய்த் தன் குறியில் நின்றான்.
நான் துடைத்தேன், எல்லாவற்றையும்,
ஒன்றைத் தவிர.

படத்தை எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் போட்டார்கள்.
தளபதி கொடியோடு சாய்ந்தபோது
பெண்கள் குலவையிட்டார்கள்.
டயர் கடைக்காரன் தேம்பினான்.
நான் மணலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் ஓடி வருவதற்கு முன்பே
மொபானி நிழலுக்கு வலப்பக்கம்
இருக்கிறது அவன் தடம்,
குதிகால் ஆழமாக.
ஒன்றரை விநாடி.
பிறகு கேமரா வானத்துக்குப் போய்விடுகிறது.