இரண்டு பத்து

இரவுக் கடமை முடிந்து, கை கழுவி,
பிளேன்ரீ ஆறிக்கொண்டிருக்கப்
படிவத்தை விரித்தேன்.
ஆபத்துக் காரணிகள் என்று தலைப்பு.
கீழே பெட்டிகள்,
ஒரு நெல்மணி படுக்கிற அகலம்.

தலைப்பிள்ளை. சரி போட்டேன்.
ஏழாம் மாதத்தில் சீனி ஏறினது. சரி.
நீர் உடைந்து பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் —
பேனை நின்றது.
எத்தனை மணிக்கு என்று கேட்க
டிலக்சினி விழிப்பில் இல்லை,
தையல் போட்ட களையில் கிடக்கிறாள்.

வெளியே வாங்கிலில் அவளுடைய மனுசன் எட்மன்,
நெடுந்தீவான், படகோட்டி.
"நேற்று விடியப்புறம் நாலரை, மிஸி."
யோசிக்கவேயில்லை.
"அஞ்சேகாலுக்கு இறங்குதுறையிலை நிண்டம்.
கச்சான் காத்து. ஒரு படகும் எடுக்கேல்லை.
என்ரை படகிலை வெளிக்கிட்டிருப்பன்.
அவள் அலைக்குப் பயப்பிடேல்லை,
நான்தான் அவளின்ரை வயித்துக்குப் பயந்தன்.
மூண்டு மணிக்குக் கடற்படைக்காரர் ஏத்தினவை.
குறிகட்டுவானிலை அம்புலன்சுக்கு நாப்பது நிமிசம்.
ஆறேகாலுக்கு இஞ்சை."

காற்றுக்குப் பெட்டி இல்லை.
'வேறு' என்று விரல்நீளக் கோடு ஒன்று உண்டு,
அதற்குள் கச்சான் அடங்காது.

பச்சை நீர். சரி.
முருங்கையிலை அவித்து வடித்த நிறத்தில்
விரிப்பில் பரவியதை நான்தான் முதலில் கண்டேன்.
கழுத்தில் கொடி, இரண்டு சுற்று. சரி.
அது பிறகுதான் தெரிந்தது.
பிறகு தெரிந்ததற்கும்
அதே சரிதான் போடவேண்டும்.

துடிப்பு இறங்கிய நேரம்:
இரண்டு இருபத்தொன்று என்று எழுதப் போனேன்.
டொக்டருக்கு நான் அறிவித்த நேரம் அது.

"ரெண்டு பத்து" என்றான் எட்மன்.
வாங்கிலிலிருந்தே,
தலைகீழாக வாசித்துக்கொண்டு.
"கதவு நீக்கலாலை கேட்டுக்கொண்டு நிண்டனான்.
முதல் நல்ல ஓட்டம்.
பிறகு நோ வரேக்கை இறங்கும்,
நோ விடத் திரும்பும்.
ரெண்டு பத்துக்கு நோ விட்டும் திரும்பேல்லை.
எண்ணெய்க்குள்ளை தண்ணி போனா
எஞ்சின் அப்பிடித்தான் கேக்கும்."

பத்தொன்பது வருடமாக
என் காதுக்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

பதினொரு நிமிடம்.
இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தேன்.
ஒட்சிசன் பிடித்தேன்.
இன்னும் ஒரு நோ பார்ப்பம் என்றேன்,
பிறகும் இன்னும் ஒரு நோ.
பெரிய டொக்டர் தியேட்டரில்
வேறொரு வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.
போன மாதம் வீணாகக் கூப்பிட்டேன் என்று
எல்லாருக்கும் முன்னால் ஏசினவர்.
ஏச்சுக்கும் பெட்டி இல்லை.

இரண்டு முப்பத்துநாலுக்கு இழுத்தெடுத்தோம்.
நாவற்பழ நிறம். துவண்ட கை.
துடைத்து, தேய்த்து, முகத்தில் மூடியைப் பொருத்திப்
பையை அழுத்தி அழுத்தி
எண்ணினேன், வாய்விட்டு எண்ணினேன்.
எட்டாம் நிமிடம்
எண்ணெய் காணாத கீல் மாதிரி ஒரு சத்தம்.
அழுகை என்று எழுதலாமோ தெரியவில்லை,
எழுதினேன்.

இப்போது மேல்மாடியில்
குளிர்விக்கிற பாயில் கிடக்கிறாள்.
முப்பத்துமூன்றரைப் பாகை, மூன்று நாள்.
இந்தப் பங்குனி வெயிலில்
அவள் ஒருத்திக்குத்தான் இங்கே குளிர்.

"பெட்டி முழுக்க
எங்களைப் பற்றித்தானோ, மிஸி?"

கோபம் இல்லை அவன் குரலில்.
இருந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

இறங்கிய நேரம் 2.10 என்று எழுதினேன்.
அறிவித்த நேரம் 2.21.
கோட்டுக்குக் கீழ் கோடு,
நடுவில் ஒரு நூல் இடைவெளி.
என் பெயரை வழமையை விடப்
பெரிதாக எழுதிவிட்டேன், ஏனோ.

கடைசிக் கேள்வி, பிள்ளையின் நிலை.
அதற்குப் படிவம் இருபத்தெட்டு நாள் தருகிறது.
சொன்னேன்.

எட்மன் மணிக்கூட்டைப் பார்த்தான்.