தராசுக்காரர் விரல்

ராமையன்பட்டி மாட்டாஸ்பத்திரியில்
எடை மேடை கன்றுக்குட்டிக்கானது.
அதில் உட்கார்ந்து ஜமீன் கொட்டாவி விட்டான்.
ஏழு கிலோ நூறு.
பின்னால் ஆட்டோடு நின்றவர்
தன் ஆட்டை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"எத்தனை தடவை சாப்பிடுது?"
ஒரு தடவைதான் என்றேன்.
பொய்யில்லை, நான் வைப்பது ஒரு தடவை.
பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நசீமா வைப்பாள்,
மாடியில் லைன்மேன் வீட்டில் சாளைத் தலை,
இஷா தொழுகைக்குப் பிறகு மாமி.
இதுவரை யாருமே வைக்கவில்லை என்று
ஒவ்வொருத்தரையும் நம்பவைக்க
அவனிடம் ஒரு குரல் இருக்கிறது.

"ஆபரேஷன் பண்ணதும் தீனியைக் குறைக்கச் சொல்லலையா?"
சொல்லியிருப்பார்கள்.
காகிதம் தந்தார்கள், இங்கிலீஷில்.
அதை மடித்துத்தான்
பீடி நூல் சுற்றி வைத்திருக்கிறேன்.

"விலாவைத் தடவிப் பாருங்க, எலும்பு தட்டணும்."
இருபத்திரண்டு வருசம் பீடி சுற்றிய விரல்.
தூள் ஒரு சிட்டிகை கூடினாலும்
கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்.
ஒரு எலும்பு அகப்படவில்லை அதற்கு.

டாக்டரம்மாவிடம் சொல்லாதது:
ஹைகிரவுண்டில் நசீமா பிறந்தபோது
ஒன்று தொள்ளாயிரம்.
பார்க்க வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு
அப்புறம் என்னைத்தான் பார்த்தார்கள்.

தம்மாமிலிருந்து அவர் கூப்பிடும் வெள்ளிக்கிழமைகளில்
ஜமீனைத் தூக்கி போனில் காட்டுவேன்.
"நல்லா வச்சிருக்கே" என்பார்.
அவர் கன்னம்தான்
மாசாமாசம் உள்ளே போகிறது.

நாளைக்கு அறுபது கிராம்.
வீட்டில் தராசு ஏது?
மேலப்பாளையம் பீடிக்கடையில்
இலைக்கு நின்ற வரிசையில்
தீனிப் பையோடு நின்றேன்.
எங்களுக்கு நிறுக்கையில் தட்டோரம்
சுண்டுவிரல் வைக்கிற பீர்முகம்மது காக்கா
முழித்தார்.
"அறுபது அறுபதா ஏழு பொட்டலம்.
எங்களுக்கு எப்படி நிறுப்பீங்களோ
அப்படியே நிறுங்க காக்கா."
வரிசையே முந்தானையால் வாயைப் பொத்தியது.
அன்றைக்குப் பார்த்து
விரலை எடுத்துவிட்டுச்
சரியாக நிறுத்தார் மனுசன்.

மூன்றாம் நாள் காலையில்
ஐந்து பொட்டலம் இருக்கவேண்டும்.
மூன்றுதான் இருக்கிறது.
நசீமா மாமியைப் பார்க்கிறாள்.
மாமி மாடியைப் பார்க்கிறார்.
என் சுளகில், இலைமேல்,
ஜமீன் வயிறு ஏறி இறங்கத் தூங்குகிறான்.

ஒன்று நான்.
ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் குரல் கேட்டால்
நீங்களும்தான் எழுந்திருப்பீர்கள்.
இன்னொன்று யாரென்று
நான் கேட்கப்போவதில்லை.