பத்துக்கு எத்தனை

கல்லூரியில் நோயாளியாக நடிக்க வந்தவர்
செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் படுத்து
எப்போது கேட்டாலும் "ஏழு" என்பார்.
வலி: ஏழு என்று எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

முக்கூடல் தாண்டிய இந்தத் துணை சுகாதார நிலையத்தில்
டாக்டர் செவ்வாயும் வெள்ளியும்.
மற்ற நாளில் நர்ஸ் ஜெயசெல்வி,
மருத்துவ உதவியாளர் படிப்பு மூன்றாம் வருஷம் நான்,
பாதி கிழிந்த காசநோய் போஸ்டர்.

இன்று புதன்.
முப்பிடாதி வந்து உட்கார்ந்தாள்.
தொழில் என்ற கட்டத்தில் "இல்லத்தரசி" என்று நானே எழுதி
நிமிர்ந்த பிறகுதான்
புகையிலைத் தூள் வாசம் வந்தது.

"மேலுக்கு ஒண்ணுமில்ல. கைதான் மரக்குது.
ராத்திரியானா கடுக்குது. தோள் வரைக்கும் உளையுது."
மரப்பு, கடுப்பு, உளைச்சல்.
என் பாடப்புத்தகத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்.

"வலி பத்துக்கு எத்தனைக்கா?"

"பத்துக்கா?
முன்ன நாளைக்கு நாப்பது கட்டு சுத்துவேன்.
தீவாளிக்குப் பொறவு முப்பத்தஞ்சு.
நேத்து இருவத்தெட்டு.
அதுலயும் மூணு கட்டைக் கடைக்காரன் கழிச்சுப்புட்டான்.
பத்துக்கு எத்தனைன்னு நீயே போட்டுக்கிடு."

மணிக்கட்டில் தட்டினேன்.
பெருவிரலிலிருந்து நடுவிரல் வரை சுர்ரென்றது என்றாள்.
சுண்டுவிரல் தப்பித்திருந்தது.
அந்த நரம்பின் பெயர் எனக்குத் தெரியும்.
அவளுக்கு அது எதற்கு?

மூன்றாவது முறை டாக்டர் போனை எடுத்தார்.
சர்க்கரை பார், தைராய்டு பார், இரவில் கட்டுப் போடச் சொல்.

உப்புக்கரைசல் பாக்கெட் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
பஞ்சு வைத்து, மணிக்கட்டு மடங்காமல் சுற்றினேன்.
"ராத்திரி கட்டிக்கிடுங்க."
"ராத்திரிதானம்மா கட்டே முடியும்."

எந்தக் கட்டு என்று எனக்கு உறைப்பதற்குள்
வேப்பமரத்தடியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.
ஓடினேன்.
"சுளகை எத்தனை மணிக்கு எடுத்து வைப்பீக?"
"பதினொண்ணரை."
"எந்திரிக்கிறது?"
"அஞ்சுக்குத் தண்ணி வரும்லா."

ஐந்தரை மணி நேரம்.
அதற்குள்தான் என் வைத்தியம்.

திரும்பி வந்து இல்லத்தரசியை அடித்தேன்.
வலி: இருபத்தெட்டுக் கட்டு, முன்பு நாற்பது.
வெள்ளிக்கிழமை டாக்டர் வட்டம் போடுவார்.
போடட்டும்.

அடுத்த ஆள் லுங்கியைப் பிடித்தபடி உள்ளே வந்தார்.
முதல் கேள்வியாக,
"என்ன வேலை பாக்கீக?"

"வேலையா? எனக்குக் காச்சல்ம்மா."