புழு மறக்கடித்தல்

துரோலாக் செம்பனை ஆலைக்குப் பின்னால்
நான்கு ஃபைபர் தொட்டி. கூட்டுறவுக் கடன்.
விரால் குஞ்சு மூவாயிரம்.

மகளுக்குப் பால் மறக்கடித்தபோது
வேப்பெண்ணெய் தடவினேன்; ஒரே இரவு.
இங்கே தலைகீழ்:
மாவுக்குப் புழு வாசம் பூச வேண்டும்.

முதல் நாள் முக்கால் புழு, கால் மாவு.
நான்காம் நாள் பாதிக்குப் பாதி.
ஏழாம் நாள்,
அசையாத எதையும் இரையென்று நம்பாத கண்கள்
பிசைந்து வைத்ததைத் தாண்டிப் போய்
பக்கத்துத் தம்பியின் வாலைப் பார்த்தன.

விடிகாலை அள்ளி எண்ணினேன்: நூற்றுப் பத்து குறைவு.
பிணம் ஒன்றும் மிதக்கவில்லை.
வயிறு உப்பிய மூன்றை மட்டும் பிரித்து
வாளியில் விட்டேன்.

பதினோராம் நாள் மழை.
தகரக் கூரை இரைச்சலில்
விரல்நுனியால் நீரைச் சுண்டச் சுண்ட
உருண்டை துடித்தது, உயிருள்ளது போல.
ஒரு குஞ்சு கவ்வியது.
துப்பியது.
ஒரு சுற்றுப் போய் வந்து
கவ்வியது.

மீன்வள அதிகாரி ரொஸ்னா
ஏட்டில் எழுதச் சொன்னாள்:
‘தீவனம் ஏற்கப்பட்டது.’
எழுதினேன்.
வாளியில் இருந்த மூன்றைப் பற்றி
அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் மழை விட்ட பிறகு
செம்பனைக் கால்வாயில்
தவளைச் சத்தம் கொஞ்சம் குறைவு.