முத்திரைச் சுத்தியல்

பட்டா என் பேரில். வரி ரசீதும் என் பேரில்.
மேற்குச் சரிவின் பீச் மரங்கள் மட்டும்
ரதோவானின் சுத்தியல் சொன்னால்தான் விழும்.
ஸ்லோவேனியாவில் சட்டம் அப்படி.

மூன்று வருடம் முன்பு
கூரை மாற்றப் பதினோரு மரம் கேட்டேன்.
நான்கில் முத்திரை குத்தினான்.
மீதி ஏழும் மண்ணைப் பிடித்திருக்கின்றனவாம்,
கீழே ரயில் பாதையாம்.
நான்கு மர விலையில்
பாதிக் கூரைதான் மாறியது.
மறுபாதிக்கு வாளி.

இந்த ஜூனில் கூப்பிடாமலே வந்தான்.
வாசல் ஸ்ப்ரூஸின் அடியில் முழந்தாளிட்டுக்
காப்பித்தூள் போல எதையோ
விரலில் ஒற்றி நீட்டினான்.
"வண்டு, மிலோய்கா.
இருபத்தொரு நாளுக்குள் வெட்ட வேண்டும்.
இல்லாவிட்டால் நாங்கள் வெட்டுவோம்,
கூலி உன்னுடையது."

விற்க நினைக்காத ஒரே மரம் அது.
யோஷ்கோ டிராக்டரை அதன் கீழேதான் நிறுத்துவான்.
அவன் லுப்லியானாவில் வேறொருத்தியோடு இருக்கிறான்,
எண்ணெய்க் கறை இன்னும் என் வேரில்.

வெட்டாதே என்றபோதும் கத்தினேன்,
வெட்டு என்றபோதும் கத்தினேன்.
ரதோவான் இரண்டு தடவையும்
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

பத்தொன்பதாம் நாள் வெட்டினோம்.
பட்டைக்குள்ளே புழுக்கள் கிறுக்கியிருந்தன,
யாருக்கும் படிக்கத் தெரியாத நோட்டீஸ் மாதிரி.

காலியான இடத்தில் மேப்பிள் வைக்க வேண்டுமாம்.
கன்று அவர்கள் தருவார்கள்.
மான் கடிக்காமல் வலை கட்டுவது என் பாடு.

நேற்று ராத்திரி பேய்மழை.
சரிவில் ஏழும் நின்றன.
நாலே முக்கால் ரயில்
நாலே முக்காலுக்குப் போயிற்று.
எழுந்து
வாளியைக் கொட்டிவிட்டு
திரும்ப வைத்தேன்.