எலும்புக்கு நல்லது

கதவு திறந்ததும் வாசனைதான் முதலில் வந்தது:
டால்டா, ஏலக்காய், அப்புறம்
மழை பெய்த மறுநாள் வேலியோரம் அடிக்குமே,
அந்தப் பச்சை.
"வாங்க உமையாக்கா, ஹேப்பி கிறிஸ்மஸ்" என்று
சவரிநாதன் சார், லீவு நாளிலும் கழுத்தில் விசிலோடு,
நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

தேவகோட்டையில் எங்கள் சந்தில்
நாலே வீட்டில்தான் ஆள்.
மிச்சமெல்லாம் பூட்டு.
பூட்டுக்கு எண்ணெய் விட மாசம் ஒருமுறை
காரைக்குடியிலிருந்து ஒருத்தர் வருவார்.
ஆகையால் அண்டை வீடு என்பது
இங்கே பார்த்துத் தேர்ந்தெடுக்கிற விஷயமில்லை.

தட்டில் பன்னிரண்டு இருந்தன.
பச்சையா பழுப்பா என்று சொல்லமுடியாத நிறம்,
எல்லாம் ஒரே அளவு வட்டம்.
ஷட்டில்காக் டப்பா மூடியால் வெட்டினாராம்.
"குக்கர்லதான் சுட்டேன்.
கேஸ்கெட்ட எடுத்துட்டு, வெயிட்டு போடாம, அடியில மணல்."
"ஏது மணல், சார்?"
"ஸ்கூல்ல லாங் ஜம்ப் குழி. மூணு தடவ சலிச்சேன்."

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.
அவள் பொரித்த கல்கல் ஒரு தூக்கில் மூடியிருந்தது.
அதை யாரும் எனக்கு நீட்டவில்லை.

கடித்தேன்.
இனிப்பு, நியாயமான இனிப்பு.
பின்னாலேயே மிளகு.
அட, நல்லாத்தானே இருக்கு என்று நினைக்கையில்
நாக்கின் ஓரத்தில் ஓர் எறும்பு.
இன்னோர் எறும்பு.
பிறகு தொண்டைவரை சாரைசாரையாய்,
வெல்லப் பானையைக் கண்டுபிடித்தது போல.

"பிரண்டை" என்றார் சார்.
அவர் பசங்க ரிலேயில் முந்தும்போது
அவர் முகத்தில் வருகிற வெளிச்சம்.
"எலும்புக்கு நல்லது."

புளி. புளி விட்டு வதக்கியிருக்க வேண்டும்.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்தச் சொல்.
அரிப்பும் அங்கேதான் நின்றது,
இரண்டுக்கும் இடமில்லை.
"நல்லாருக்கு சார்" என்றேன்.
உடனே இன்னொன்று வைத்தார்.

ஜோவின், இரண்டாம் வகுப்பு,
ஆத்தங்குடித் தரைப் பூக்களைச் சுற்றிச் சுற்றி
கார் ஓட்டிக்கொண்டிருந்தவன்,
நிமிராமலே சொன்னான்:
"தீவாளிக்கு நீங்க குடுத்த சீப்புச்சீடையிலதான் ஆன்ட்டி
அப்பாக்குப் பல்லு ஒடஞ்சுச்சு.
அதுலேர்ந்துதான் எல்லாத்துலயும் பிரண்டை."

கார் நின்றது.
"டேய்" என்றாள் ஜெசிந்தா, ரொம்பத் தாமதமாய்.
சார் சிரித்தார். சிரிக்கும்போது பார்த்தேன்,
இடது கடைவாயில் ஒரு புதுத் தொப்பி,
பக்கத்துப் பற்களோடு
இன்னும் பழகாத வெள்ளை.

அன்றைக்கு மதில்மேல் எட்டி,
"பிரமாதம்க்கா, வாயில கரையுது" என்றவர் இவர்தான்.
தேங்காய் அப்போது எழுபது ரூபாய்.
நாலு காய்ப் பால் விட வேண்டிய மாவுக்கு
இரண்டு காய், மீதிக்குக் குழாய்த் தண்ணீர்.
வெண்ணெயைப் பற்றிப் பேச வேண்டாம்.
எனக்குத் தெரியும்.
நான் ஒன்றுகூட வாயில் போடவில்லை.

மூன்றாவதை நானாகவே எடுத்தேன்.
கடைவாயில் 'நறுக்' என்றது ஒரு மணல்,
எந்தப் பையன் எவ்வளவு தூரம் தாண்டி விழுந்ததோ.
மென்று விழுங்கினேன்.

மிச்சத்தை, "அண்ணனுக்கு" என்று
எவர்சில்வர் டப்பாவில் அடைத்துத் தந்தார்.
அண்ணன் ஒன்று தின்றார்.
அன்று சாயங்காலம் முழுக்க
எங்கள் வீட்டில் நியூஸ் சேனல் மட்டும் பேசியது.

டப்பாவை வெறுமையாய்த் திருப்பக் கூடாது.
சீடை வைக்க முகமில்லை.
முறுக்கு, அதுவும் பல் சமாச்சாரம்.
பால் குடித்தும் அடங்காத நாக்கோடு
ராத்திரி பதினோரு மணிக்கு அடுக்களையில் நின்று
பழம்புளியில் ஓடும் கொட்டையும் நீக்கி
ஓர் உருண்டை பிடித்து உள்ளே வைத்தேன்.
எதற்கு என்று எழுதவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில்
மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து விசில் ஒன்று, பிறகு குரல்:
"அக்கா! புளி அருமை!
பிரண்டை ரசம் வெச்சிருக்கேன்,
ஒரு தூக்கு அனுப்பவா?"